அம்மா இல்லாத வீட்டில் அப்பாவும் பையனும்: முதல் வருடத்தைக் கடக்க

என் மனைவி மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு மூன்றே நாளில் போய்விட்டாள். பையனுக்கு அப்போது 15 வயது, பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். மதுரையில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது, காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு. இப்போது அவன் கல்லூரியில் முதல் வருடம். இடையில் நாங்கள் செய்ததில் எது உதவியது, எதை வேறு மாதிரி செய்திருக்கலாம் என்பதை, இன்றைக்கு அதே நிலையில் நிற்கும் அப்பாக்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. நம் வீடுகளில் பையன் அப்பாவிடம் நேராகப் பேசுவது குறைவு. டூர் போகக் காசு வேண்டும் என்றால் "அப்பாகிட்ட சொல்லும்மா", மார்க் குறைந்தால் "நீயே சொல்லும்மா". நாமும் அப்படித்தான், "உன் புள்ளய நேரத்துக்கு வீட்டுக்கு வரச் சொல்லு" என்று அடுத்த அறையில் இருக்கிறவனுக்கு அவள் மூலமாகத்தான் சொல்லி அனுப்பியிருப்போம். அவள் போனபிறகு ஒரே வீட்டில் இரண்டு பேர், பேசத் தெரியவில்லை. நான் அழுதால் அவன் உடைந்துவிடுவான் என்று நான் அடக்க, அவன் அழுதால் அப்பா தாங்க மாட்டார் என்று அவன் அடக்க, எங்கள் வீட்டில் முதல் நான்கு மாதம் அப்படியே போனது. அதனால் கீழே சமையல், சான்றிதழ், பள்ளிக்கூடம் என்று எதைச் சொன்னாலும் நோக்கம் ஒன்றுதான்: அவள் வழியாகப் பேசியதையெல்லாம் இனி நீங்கள் இருவரும் நேராகப் பேசப் பழக வேண்டும்.

காரியம் முடியும் வரை

கொள்ளி வைப்பதைப் பற்றி அவனிடம் கேளுங்கள். மகன்தான் வைக்க வேண்டும் என்று ஊரே சொல்லும், பையனும் பெரும்பாலும் தானே செய்யத்தான் விரும்புவான், ஆனால் அங்கே என்னென்ன நடக்கும் என்பதை யாராவது முன்னாலேயே அவனுக்குச் சொல்ல வேண்டும். தத்தனேரி சுடுகாட்டில் என் பையன் தோளில் பானையோடு சுற்றி வந்தபோது, ஒவ்வொரு சுற்றுக்கும் பானையைக் கொத்தி ஓட்டை போடுவார்கள், தண்ணீர் முதுகில் வழியும் என்று அவனுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. திடுக்கிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான். பக்கத்தில் போய் தோளைத் தொட்டு நடக்காமல் தள்ளி நின்றேனே என்பது இன்றுவரை எனக்கு இருக்கும் வருத்தம். அவனால் முடியாது என்று சொன்னால் நீங்கள் செய்யுங்கள், கணவன் கொள்ளி வைப்பதும் நடக்கிற வழக்கம்தான்.

அப்புறம் மொட்டை. பெரியவர்களுக்கு அது ஒரு சடங்கு, பத்தாம் வகுப்புப் பையனுக்கோ அந்தத் தலையோடு நாற்பது பேர் இருக்கும் வகுப்பறைக்குள் நடந்து போக வேண்டிய நாள் ஒன்று வரும். அவன் பள்ளிக்குத் திரும்புவதற்கு முதல் நாள் நீங்களே போய் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: வகுப்பில் எழுந்து நிற்கவைத்து ஆறுதல் சொல்ல வேண்டாம், விடுபட்ட பாடத்தை ஒரு நண்பனிடமிருந்து வாங்கிக்கொள்ள ஏற்பாடு வேண்டும், திடீரென்று முடியாமல் போனால் அவன் கேள்வி இல்லாமல் வெளியே போய் உட்கார ஓர் இடம் வேண்டும். பொதுத்தேர்வு வருடமாக இருந்தால் இன்னொன்றையும் அவனிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: மார்க் குறைந்தால் பரவாயில்லை, தவறினாலும் சில மாதத்தில் துணைத்தேர்வு இருக்கிறது. "அம்மாவுக்காக நல்ல மார்க் எடுக்கணும்" என்று சொல்லும் உறவினர்களை அன்போடு நிறுத்துங்கள், அந்தச் சுமையை எந்தப் பிள்ளைமேலும் ஏற்றக்கூடாது.

பதினாறாம் நாள் முடிந்ததும் "ஒரு மாசம் அம்மாச்சி வீட்ல இருக்கட்டும், இங்க இருந்தா ஞாபகம் வரும்" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அம்மா போன கையோடு வீடும் அப்பாவும் போனால் அவன் எங்கே நிற்பான்? இரண்டு நாள் நீங்களும் சேர்ந்து போய்விட்டு, இருவருமாகத் திரும்பி வாருங்கள். பதினேழாம் நாள் சாயங்காலம் வாடகை நாற்காலிகளை எல்லாம் எடுத்துப் போனபிறகு வீடு சட்டென்று காலியாகும், அந்த ஒரு மாலைக்காவது பட்டறை, ஆபீஸ் எதற்கும் போகாமல் வீட்டிலேயே இருங்கள்.

ஓட வேண்டிய வேலைகள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்களே பதிவாளருக்குத் தகவல் கொடுப்பார்கள், வீட்டில் என்றால் நாம்தான் சொல்ல வேண்டும். சான்றிதழில் பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள், ஓர் எழுத்துப் பிழையால் எனக்கு நான்கு தடவை வீண் அலைச்சல். அதை வைத்து இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து தாசில்தார் கொடுப்பார்.

அவள் பெயரில் வீடோ நிலமோ இருந்து உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் சமபங்கு. பையன் 18 வயதுக்குக் கீழே என்றால் அவன் பங்கை நீங்கள் அப்பா என்பதாலேயே விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது, நீதிமன்ற அனுமதி வேண்டும். கடன் நெருக்கடியில் அவசரப்பட்டு யாரிடமும் அட்வான்ஸ் வாங்கிவிடாதீர்கள்.

அவளுடைய வங்கிப் பாஸ்புக்கைக் கடைசி வரி வரை பாருங்கள். மே, ஜூன் வாக்கில் 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, 2 லட்ச ரூபாய் வரும். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. கணக்கு தொடங்கும்போது கையெழுத்துப் போட்டதோடு பல பெண்கள் இதை மறந்திருப்பார்கள், வீட்டில் யாருக்கும் தெரியாது, பணம் கேட்பாரில்லாமல் கிடக்கும். அவள் வேலைக்குப் போய் பிஎஃப் பிடித்தம் இருந்திருந்தால், சேர்ந்த பணத்தோடு நின்றுவிடாதீர்கள்: அதிகபட்சம் 7 லட்சம் வரை காப்பீட்டுத் தொகையும், கணவனுக்கும் பிள்ளைக்கும் ஓய்வூதியமும் உண்டு, பையனுக்கு 25 வயது வரை. மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடகுச் சீட்டுகளைத் தேடுங்கள். அரிசி டப்பா, பூஜை அலமாரி, புடவை மடிப்பு என்று எங்கேயும் இருக்கும். தவணை தாண்டினால் நகை ஏலத்துக்குப் போய்விடும். மகளிர் குழுக் கடன், சீட்டு எல்லாவற்றையும் குழுத் தலைவியிடம் போய்க் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அவளுடைய ஏடிஎம் கார்டை வைத்துப் பணம் எடுக்காதீர்கள், கணக்கில் நீங்கள் வாரிசு என்றாலும் அது தவறு. அவள் போன் எண்ணை மட்டும் உடனே விட்டுவிடாதீர்கள். கேஸ், வங்கி, பள்ளிக்கூடத் தகவல் எல்லாமே அந்த எண்ணுக்குத்தான் வரும், 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் எண் கைவிட்டுப் போகலாம், அதனால் ரீசார்ஜ் செய்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உங்கள் எண்ணுக்கு மாற்றுங்கள்.

இந்த வேலையில் பையனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போன் லாக் எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாக உட்கார்ந்து வங்கிச் செய்திகளை மட்டும் எடுத்தோம், அவள் தன் அக்கா தங்கைகளோடு பேசிய சாட்டைத் திறக்க வேண்டாம் என்று அவன்தான் சொன்னான். அவள் போனபிறகு நாங்கள் சேர்ந்து முழுதாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். வீட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது, எவ்வளவு கடன், ஃபீஸ் கட்ட முடியுமா என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். அவன் அதைப் பற்றி ராத்திரியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுப்படி

இரண்டு வாரம் உறவினர் சாப்பாடு, அடுத்து ஒரு மாதம் ஓட்டல் பரோட்டா, அதற்குமேல் உடம்பு தாங்காது, பையும் தாங்காது. முதல் மாதம் நான்கே விஷயம் கற்றுக்கொண்டால் போதும்: சாதம், ரசம், ஒரு புளிக்குழம்பு, முட்டை. புழுங்கல் அரிசி ஒரு டம்ளருக்குத் தண்ணீர் மூன்று டம்ளர், கழுவி அரைமணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் ஐந்து விசில், உங்கள் அரிசிக்கு ஏற்ப ஒன்றிரண்டு கூடக் குறைய வரும். நல்லெண்ணெய் தாராளமாக விட்டுச் சுண்ட வைத்த புளிக்குழம்பு இரண்டு நாளைக்குத் தாங்கும், வேலைக்குப் போகிற வீட்டுக்கு அதைவிட உதவி கிடையாது. மாவைக் கடையில் வாங்குங்கள், அதில் குறையொன்றும் இல்லை.

"எனக்குக் கொஞ்சம் உதவி பண்ணுடா" என்று சொன்னால் பையன் எரிச்சலோடுதான் வருவான். முழு வேலையையும் அவன் பெயரில் கொடுங்கள். எங்கள் வீட்டில் இரவுத் தோசை அவன் பொறுப்பு: மாவு வாங்குவது, சட்னி அரைப்பது, கல் கழுவுவது வரை. காலை டிபனும் மதியச் சாப்பாட்டு டப்பாவும் என் பொறுப்பு. துணி ஒருநாள் அவன், ஒருநாள் நான். அவன் தோசை தீய்ந்தால் வாய் திறக்காமல் சாப்பிடுங்கள். ஒரு விஷயத்தில் கவனம்: வீட்டு வேலை முழுவதும் அவன்மேல் விழுந்து, அவன் விளையாடப் போவது நின்றுவிடக்கூடாது. சாயங்காலம் கிரவுண்டுக்குப் போகிற ஒரு மணி நேரம் அவனுக்கு மருந்து மாதிரி.

அவள் கடைசியாக அரைத்து வைத்த மிளகாய்த்தூள் எங்கள் வீட்டில் ஐந்து மாதம் வந்தது. அடியில் இரண்டு ஸ்பூன் இருக்கும்போது பையன் அந்த டப்பாவை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டான், நானும் எடுக்கவில்லை. அளவு எங்களுக்குத் தெரியாது. அவன் பெரியம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதினான்: மல்லி ஒரு கிலோ, வத்தல் அரைக் கிலோ, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம் நூறு நூறு கிராம், வெந்தயம் ஐம்பது, விரலி மஞ்சள் நூறு. மாடியில் இரண்டு நாள் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோனோம், சூடு ஆறின பிறகுதான் டப்பாவில் அடைக்க வேண்டும் என்று மில்காரர் சொன்னார். அவள் கைப்பக்குவம் தெரிந்த அக்கா, தங்கை, அம்மா யாராக இருந்தாலும் கேட்டு அளவோடு எழுதி வைத்துவிடுங்கள், இப்போதே, அவர்களுக்கும் வயதாகிறது.

நேராகப் பேசுவது

எதிரில் உட்காரவைத்து "மனசுல என்னடா இருக்கு, சொல்லு" என்று கேட்டால் எந்தப் பையனும் "ஒண்ணுமில்ல" என்பான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போதுதான் பேச்சு வரும். பைக்கில் போகும்போது, வெங்காயம் உரிக்கும்போது, டீக்கடை பெஞ்சில். நாங்கள் ஞாயிறு காலை ஆறு மணிக்கு டீ குடிக்கப் போகிற பழக்கம் வைத்தோம், முதல் ஏழெட்டு வாரம் கிரிக்கெட் தவிர வேறொன்றும் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவனாகவே, "அன்னைக்கு அம்மா தலைவலிக்குதுன்னு சொன்னப்ப நான் போன் பாத்துக்கிட்டு இருந்தேன்ப்பா" என்றான். அத்தனை மாதமாக அதைச் சுமந்திருக்கிறான்.

இந்தக் குற்ற உணர்வு ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கும், அவர்கள் சொல்லாவிட்டாலும். அதனால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்: மருத்துவர் என்ன சொன்னார், எதனால் இறந்தாள், நாம் யார் என்ன செய்திருந்தாலும் அது ஏன் நடந்திருக்கும். நோயின் பெயரைச் சொல்லுங்கள், மூடி மறைத்தால் பிள்ளை தனக்குத்தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும், அந்தக் காரணம் பெரும்பாலும் அவனாகத்தான் இருக்கும்.

காலையில் அழுதவன் மத்தியானம் நண்பர்களோடு சிரித்துக்கொண்டு இருப்பான். அதைப் பார்த்து "அம்மா செத்து ரெண்டு மாசம் ஆகல, இவனுக்கு எப்படிச் சிரிப்பு வருது" என்று நினைக்காதீர்கள். நெதர்லாந்தில் பணியாற்றிய மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் இதைத்தான் விளக்கினார்கள்: துக்கத்தில் இருப்பவர் கொஞ்ச நேரம் இழப்பைப் பார்ப்பார், கொஞ்ச நேரம் அன்றாட வாழ்க்கையைப் பார்ப்பார், இப்படி மாறி மாறிப் போவதுதான் இயல்பு. பதின்ம வயதில் அந்த மாற்றம் இன்னும் வேகமாகத் தெரியும், அவ்வளவுதான்.

சண்டையில் ஒருநாள் அவன் "அம்மா இருந்தா இப்படிப் பண்ணியிருக்க மாட்டாங்க" என்பான். கை ஓங்கத் தோன்றும். அன்றைக்கு நான் கத்தினேன், அது தப்பு. அடுத்த தடவை, "ஆமாடா, அவ இருந்திருந்தா வேற மாதிரி பண்ணியிருப்பா, எனக்குத் தெரியல, என்ன பண்ணியிருப்பான்னு நீ சொல்லு" என்றேன். அவன் சொன்னான். சொல்லும்போதே அழுதான், நானும் அழுதேன். அவன் முன்னால் அழுதால் அவன் பயந்துவிடுவான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், அன்று ராத்திரி அவன் ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்கினான். ஆனால் உங்கள் துக்கத்தை இறக்கிவைக்கும் இடமாக அவனை ஆக்கிவிடாதீர்கள், அதற்கு உங்கள் வயதில் ஒரு நண்பனோ அண்ணனோ வேண்டும்.

குடி. வெளிப்படையாகச் சொல்கிறேன். துக்கத்துக்கு என்று ஆரம்பிப்பது ஒரு மாதத்தில் பழக்கமாகிவிடும், அம்மாவை இழந்த பிள்ளை ராத்திரி கதவைத் திறந்து அப்பாவைத் தாங்கிப் பிடித்துப் படுக்கவைக்கும் நிலை வந்தால் அவன் அப்பாவையும் இழந்துவிட்டான் என்றுதான் அர்த்தம். முடியவில்லை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அதற்குச் சிகிச்சை உண்டு, போய்விடுங்கள்.

உறவும் மறுமணமும்

அவள் பிறந்த வீட்டோடு தொடர்பை விடாதீர்கள். நகை, செய்முறை என்று ஏதாவது மனக்கசப்பு வரலாம், அது பெரியவர்கள் பாடு. தாய்மாமனும் அம்மாச்சியும் அவன் அம்மாவைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள், நமக்குத் தெரியாத கதைகள் அவர்களிடம் இருக்கின்றன, அவன் அதைக் கேட்க வேண்டும்.

ஆறு மாதத்திலேயே "பையனுக்கு ஒரு அம்மா வேணாமா" என்று பேச்சு வரும். 15 வயதுப் பையனுக்கு யாரும் புதிதாக அம்மா ஆகிவிட முடியாது, மறுமணம் செய்தால் உங்களுக்கு ஒரு துணை வேண்டும் என்பதற்காகச் செய்யுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் வருடத்தில் முடிவெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. எப்போது செய்தாலும் அந்தச் செய்தி முதலில் உங்கள் வாயிலிருந்து அவனுக்குப் போக வேண்டும், ஏதோ ஒரு கல்யாண வீட்டில் அத்தை சொல்லித் தெரியக்கூடாது.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

தூக்கம், சாப்பாடு, மார்க் எல்லாம் முதல் சில மாதம் குறையத்தான் செய்யும். ஆனால் நாட்கணக்கில் பள்ளிக்குப் போக மறுப்பது, நண்பர்களை அடியோடு ஒதுக்குவது, தன் பொருளை எல்லாம் எடுத்து மற்றவர்களுக்குக் கொடுப்பது, கையைக் கீறிக்கொள்வது, "நானும் அம்மாகிட்ட போறேன்" என்ற மாதிரிப் பேச்சு, இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாடா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, ஒருவர் கேட்டுவிட்டார் என்ற ஆறுதல்தான் வரும். ஆமாம் என்றால் அவனைத் தனியாக விடாதீர்கள், மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நீங்களும் பேசலாம்.

உலக சுகாதார நிறுவனம் நீடித்த துக்கத்தை ஒரு நோயாகவே பட்டியலில் சேர்த்திருக்கிறது: ஆறு மாதத்துக்கு மேலாகியும் அன்றாடம் எதுவுமே ஓடவில்லை என்றால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது என்று பொருள். ஆறு மாதத்தில் மறந்துவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அவளுடைய பொருட்கள், முதல் திதி

புடவைகளை எல்லாம் முப்பதாம் நாளே எடுத்துக் கொடுத்துவிடச் சொல்வார்கள். அவசரமே இல்லை. பீரோவை ஒரு வருடம் அப்படியே பூட்டி வைத்தாலும் தப்பில்லை. திறக்கும்போது பையனும் இருக்கட்டும், எது வேண்டும் என்று அவன் முதலில் எடுக்கட்டும். என் பையன் புடவை எதையும் எடுக்கவில்லை, அவள் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் கட்டைப்பையை எடுத்துக்கொண்டான்.

முதல் வருடத்தில் பண்டிகை கிடையாது என்பார்கள், ஆனால் தீபாவளி அன்று தெருவெல்லாம் வெடிச்சத்தம் கேட்கத்தான் செய்யும், அவள் பிறந்த நாளும் வரத்தான் செய்யும். ஒரு வாரம் முன்னாலேயே அந்த நாளை என்ன செய்யலாம் என்று அவனிடம் கேட்டு வையுங்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது அவள் வருடா வருடம் விடியற்காலை வைகைக்குப் போவாள், பையன் அந்த வருடமும் போகலாம் என்றான், போனோம், கூட்டத்தில் நின்றுவிட்டு வந்தோம். திதிக்கு ஐயரைப் பார்ப்பது, வாழைக்காய் வாங்குவது, யாருக்கெல்லாம் சொல்வது என்பதை எல்லாம் இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள். படையலில் அவளுக்குப் பிடித்தது என்ன என்று நீங்கள் ஒரு பட்டியல் சொல்வீர்கள், அவன் வேறொன்று சொல்வான். எனக்கு அவள் அதிரசம்தான் விரும்பிச் சாப்பிடுவாள் என்று நினைப்பு. "இல்லப்பா, அது உங்களுக்காகச் செய்வாங்க, அம்மாவுக்கு ஜிகர்தண்டாதான் பிடிக்கும், ஸ்கூல் விட்டு வரும்போது நாங்க ரெண்டு பேரும் குடிப்போம்" என்றான். அதையும் ஒரு டம்ளர் வாங்கி வைத்தோம்.